மகசினில் சந்தனப் பொட்டு

ஜெயமதி இடுப்பிலிருந்து பிஸ்ரலை உருவினால் மொன்றியல் தீவு ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடிக்கும். துறைமுகத்தில் பாரந்தூக்கிகள் கொள்கலன்களை அந்தரத்தில் தொங்கவிட்டுத் திரும்பிப் பார்க்கும். சென்ட் லோரன்ஸ் ஆறு ஒரு முழம் பின்வாங்கும். லவால் தொடக்கம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வரைக்கும் உள்ள கள்ளர் கூட்டம் முழுவதும் முகமூடிகளைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, விடிந்ததும் பேக்கரி வாசலில் வேலை கேட்டு நிற்கும். மின்னலே அவளிடம் வந்து பாடம் எடுத்துக்கொண்டு போனதாகக் கேள்வி.

இதை நம்பாதவர்கள் அவள் உருவியதைப் பார்க்காதவர்கள். பார்த்தவர்கள் யாரும் இல்லை என்பது வேறு கதை.

ஜெயமதிக்கு நாற்பத்தாறு வயது. வாழைச்சேனைப் பக்கத்துப் பெண். காசு வண்டியில் காவலாளி. வங்கி இயந்திரங்களுக்கும் கடைகளுக்கும் போய்வருகிற, சுவர் தடித்த அந்தப் பெரிய வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கக் கதவால் இறங்கி, தோளில் பையோடு, யாரையும் முறைக்காமலும் யாரையும் பார்க்காமல் விடாமலும் நடந்துபோகிற பெண் அவள்தான். வண்டிக்குள்ளே இருப்பவர் சாரதி நீக்கிலாப்பிள்ளை, திருகோணமலைக்காரர். என்ன நடந்தாலும் அவர் கதவு திறந்து இறங்கக்கூடாது என்பது விதி. அதனால் அவள் இறங்கும் ஒவ்வொரு தடவையும் மனிதர் செபமாலையைக் கையில் எடுப்பார். "தங்கச்சி, நீ பிஸ்ரலோட போ, நான் மாதாவோட இருக்கிறன். ரெண்டு பேரும் டியூட்டிதான்" என்பார்.

கனடாவில் இடுப்பில் பிஸ்ரலோடு தெருவில் நடப்பது நினைத்தவர்களுக்கெல்லாம் வாய்க்கிற சங்கதி அல்ல. முதலில் வகுப்பு. பிறகு சோதனை. பிறகு உன்னைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்து ஓர் உரிமம். அதற்கும் மேலே, வேலைக்காகச் சுமந்து திரிவதற்கென்று தனி அனுமதி. அதுவும் அந்த வேலையில் இருக்கும்வரைக்கும்தான். வேலை முடிந்தால் பிஸ்ரல் கொம்பனியின் இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். இடுப்புப் பட்டியும் வெறும் உறையும்தான் வீட்டுக்கு வரும்.

இவ்வளவும் முடிந்த பிறகும் ஜெயமதியின் கொம்பனியில் வருடத்துக்கு ஒருமுறை சுட்டுக் காட்டவேண்டும். ரவை, அதாவது தோட்டா, எங்கே படுகிறது என்பது பாதிதான். மற்றப் பாதி, துப்பாக்கியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, விரல் எங்கே இருக்கிறது, கால் எங்கே நிற்கிறது என்பது. தவறினால் இன்னொரு தடவை விடுவார்கள். அதிலும் தவறினால் அனுமதி போகும். அனுமதி போனால் வேலை போகும். இதற்கு முன்பு அவள் ஒரு சலவை ஆலையில் ஆசுபத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தவள். நீராவியில் கை இரண்டும் அவிந்துபோகும் அந்த இடத்துக்குத் திரும்பிப் போவதை நினைத்தாலே அவளுக்கு வாய் கசக்கும்.

வீட்டில் அவளுக்குத் துணை, செத்துப்போன தங்கையின் மகள் வித்தியா. மூன்று வருடத்துக்கு முன்பு வந்தவள். "இந்தப் பிள்ளையை நான் பார்த்துக்கொள்வேன்" என்று அரசாங்கத்துக்குக் கையெழுத்து வைத்துத்தான் ஜெயமதி அவளைக் கூப்பிட்டாள். வித்தியாவுக்குப் பதினெட்டு வயது. அழகி, அறிவாளி, பல கலைகளும் தெரிந்தவள். பள்ளிக்கூடம் மட்டும் அவளுக்கு ஒத்துவரவில்லை. வாழைச்சேனையில் பாதியில் விட்டாள்; இங்கே பிரெஞ்சு வகுப்பில் பாதிக்கும் முன்னால் விட்டுவிடுவாள் போலிருந்தது. குறும்பில்தான் அவளுக்குப் பட்டம் கொடுக்கவேண்டும்.

ஜெயமதி வீட்டில் உருவிப் பழகும் முறை ஒன்று உண்டு. ரி.வி. ரிமோட்டை உறைக்குள் செருகிக்கொண்டு, சமையலறைக் கதவுக்கு முன்னால் நின்று, உருவுவாள். சுட்டுவிரல் நேராக நீண்டிருக்கும். எந்தப் பொத்தானிலும் படாது. ரிமோட்தானே என்று விரலை உள்ளே விடமாட்டாள். ஒருநாள் அவள் உருவியபோது கையில் வந்தது வாழைப்பழம். கதவுக்குப் பின்னால் வித்தியா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஜெயமதி முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. வாழைப்பழத்தைக் கதவை நோக்கி நீட்டியபடியே நின்று, முறைப்படி மறுபடியும் உறையில் வைத்து, பட்டியைப் பூட்டி, அதற்குப் பிறகுதான் திரும்பினாள்.

"சிரி. நல்லாச் சிரி. ஆனா பாத்த நீதானே, வாழைப்பழத்திலயும் விரலை வைக்கல்ல நான்."

அந்த வருடச் சோதனை சரஸ்வதி பூசைக்கு அடுத்த நாள் வந்தது. சோதனைக்கு முன் துடைத்துச் சுத்தம் பண்ணவென்று வெறும் மகசின்கள் இரண்டையும் கேட்டு வாங்கி வந்திருந்தாள். மகசின் என்பது ரவைகளை அடுக்கிப் பிஸ்ரலின் பிடிக்குள் செருகுகிற சின்ன இரும்புக் கூடு. பூசையன்று அவற்றை மேசையில் வைத்துவிட்டு அவள் குளிக்கப் போனாள். வித்தியா அப்போது கிண்ணத்தில் சந்தனத்தோடு வீட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். தொழில் செய்கிற பொருளுக்கெல்லாம் பொட்டு வைக்கவேண்டும் அல்லவா? சோறு ஆக்கும் மின்பானைக்குப் பொட்டு. ரிமோட்டுக்குப் பொட்டு. தூசு உறிஞ்சும் இயந்திரத்துக்கு மூன்று குறி விபூதியும் நடுவில் பொட்டும். அப்படியே மகசின்களின் அடித்தட்டுகளிலும் ஆளுக்கொன்று.

ஜெயமதி ஈரத்தலையோடு வந்து பார்த்தாள்.

"என்ன வேலை பாத்து வச்சிருக்காய் புள்ள?"

"ஆயுதத்துக்கு ஆயுத பூசை செய்யாம மறுகா எதுக்குச் செய்யிற பெரியம்மா? உங்களுக்குத் தோட்டா வீணாகாம இருக்கட்டும்."

திட்டத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்தப் பொட்டு இரண்டும் வட்டமாக, ஒழுங்காக, விரல்நுனியால் அமத்தி வைக்கப்பட்டிருந்தன. பகிடிக்கு வைத்த பொட்டு அப்படி இருக்காது. ஜெயமதி அதைத் துடைக்கவில்லை.

சுடும் கூடம் லவாலில், லொறிகள் திரும்புகிற தெரு ஒன்றில் இருந்தது. சோதனை எடுப்பவர் கில்பேர் என்ற வயதான பிரெஞ்சுக்காரர். பொலிசில் இருந்து ஓய்வுபெற்றவர். அவர் குரல் உயராது. உயரவேண்டிய தேவையும் இருக்காது. அன்று ஜெயமதிக்கு இடப்பக்கத்துத் தடுப்பில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் நின்றான். காதுமூடியின் பட்டியைச் சரிசெய்கிற சாட்டில் அடிக்கடி உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது சுற்றில் ரவை முடிந்ததும் வெறும் மகசினைக் கீழே விழவிட்டு, புதியதைச் செருகி, நேரம் முடிவதற்குள் தொடர்ந்து சுடவேண்டும். விழுந்ததை யாரும் பார்க்கக்கூடாது. அது கிடக்கும். எத்தனையோ தடவை செய்தது. விழவிட்டாள். புதியதைச் செருகினாள். நிலை மாற்ற வலக்காலை எடுத்து வைத்தாள். சப்பாத்துக்குக் கீழே கடினமாக ஏதோ அகப்பட்டது.

மிதித்துவிட்டாள்.

அடுத்து நடந்ததை அவள் செய்யவில்லை. அவள் உடம்பு செய்தது. புத்தகத்தில் கால் பட்டால், சுளகில் கால் பட்டால், தூங்குகிறவர் மேல் கால் பட்டால் நினைக்காமலே என்ன செய்வோமோ அதுதான். குனிந்து, இடக்கையால் அந்தச் சந்தனப் பொட்டைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றினாள். குனிந்தபோது வலக்கை தன்பாட்டில் திரும்பியது. பிஸ்ரலின் வாய், குறியை விட்டு, இடப்பக்கம் பார்த்தது.

"நிறுத்து!"

உயராத குரல் அன்று உயர்ந்தது. கில்பேர் வந்து அவள் கையைப் பிடித்து, வாயைக் குறியின் பக்கம் திருப்பி, பிஸ்ரலை வாங்கி வெறுமையாக்கினார். அவள் விரல் விசைக்கு வெளியேதான் நீட்டி இருந்தது. அதை அவரும் பார்த்தார். பக்கத்துப் பையன் சுவரோடு ஒட்டி நின்றான்.

"ஏன் குனிந்தீர்கள், மதாம்?"

தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள். காலால் மிதிக்கக்கூடாத பொருள். மிதித்தால் மன்னிப்புக் கேட்கவேண்டும். அவர் மகசினை எடுத்து அந்தப் பொட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"என் அம்மா ரொட்டி கீழே விழுந்தால் எடுத்து முத்தம் கொடுப்பா," என்றார். "எனக்கு விளங்குது. ஆனால் அந்தப் பையனுக்கு நான் என்ன சொல்வது?"

"பெயில் எண்டு போடுங்க," என்றாள் ஜெயமதி. அவர் சொல்வதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

மறுநாள் வண்டி இல்லை. பிஸ்ரல் இல்லாதவளுக்கு வண்டியில் இடமில்லை. மறுசோதனை வரைக்கும் களஞ்சிய அறையில் வெறும் பைகளை அடுக்கச் சொன்னார்கள். நீக்கிலாப்பிள்ளை மதியத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, சுடச் சொன்னா நீ கும்பிட்டிட்டு வந்திருக்கிறாய்?"

"ஓம் அண்ணே. நீங்க வேலைநேரத்தில கும்பிட்டாச் சம்பளம். நான் கும்பிட்டா பெயில்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, புதிதாக வந்தவனோடு போக மனமில்லை, அவன் இறங்கும்போது தன் கை செபமாலையை விட மறுக்கிறது என்றார்.

வீட்டில் வித்தியா சாப்பாட்டுக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். பகிடி விடப் பார்த்தாள், வரவில்லை.

"நான் வச்ச பொட்டாலதானே?"

"நீ வச்ச பொட்டால இல்ல. நான் குனிஞ்சதால."

"அது ஒரு சின்ன விசயம் பெரியம்மா. ஆருக்கும் ஒண்டும் நடக்கல்லதானே. விரலும் வெளியதானே இருந்த. அந்தாள் ஒரு கல்லு."

ஜெயமதி தண்ணீர்க் குவளையை வைத்தாள்.

"சஞ்சீவன் மாமா எப்பிடிச் செத்தவர் எண்டு உனக்குத் தெரியுமா?"

"சண்டையில. அம்மா சொன்னவ."

"உங்கம்மாவுக்கும் நாங்க அப்பிடித்தான் சொன்ன. அவள் அப்ப சின்னப் புள்ள."

சஞ்சீவன் ஜெயமதியின் தம்பி. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் கேட்டுக்கொண்டு வந்த காலத்தில் அவனுக்குப் பதினைந்து வயது. மாலை வகுப்புக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கொஞ்ச நாளில் அவன் தோளில் துப்பாக்கியோடு வீதியில் நிற்பதாக யாரோ சொன்னார்கள். எந்த வகுப்பும் இல்லை, எந்தச் சோதனையும் இல்லை, அனுமதி என்று எவரும் எதையும் நீட்டவில்லை. சுமக்கத் தோள் இருந்தது. அது போதுமாக இருந்தது. அவன் இறந்தது ஒரு மத்தியானத்தில், மரநிழலில், சாப்பாட்டுக்கு வரிசையில் இருந்தபோது. பக்கத்தில் இருந்தவனும் ஒரு பிள்ளைதான். கையில் துவக்கு இருப்பதை மறந்துபோய், கீழே விழுந்த சாப்பாட்டுத் தட்டை எடுக்கக் குனிந்தான்.

"அந்தப் பொடியன் மறுகா எங்கட வீட்டுக்கு வந்தவன். வாசல்ல விழுந்து கிடந்து அழுதான். வேணுமெண்டு செய்யல்ல, அக்கா, நான் வேணுமெண்டு செய்யல்ல எண்டு. எனக்கு அவனோட கோவிக்கவும் ஏலல்ல. அவனுக்கு விரலை எங்க வைக்கிற எண்டு ஒருத்தனும் சொல்லிக் குடுக்கல்ல." குவளையை மேசையின் நடுவுக்கு நகர்த்தினாள். "இஞ்ச ஒருத்தர் வருசா வருசம் என்னைக் கூப்பிட்டு, காட்டு, எங்க உன்ர விரல் எண்டு கேக்கிறார். அவர் கல்லு இல்ல புள்ள. அவர் அண்டைக்கு எங்கட ஊரில இருந்திருந்தா..."

வித்தியா எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனாள். வழக்கமாக அவள் கழுவுவதில்லை. அன்று ஏற்கெனவே கழுவி வைத்திருந்ததையும் சேர்த்துக் கழுவினாள்.

மறுசோதனைக்குப் பழகுவதில்தான் சிக்கல் வந்தது. உருவப் பழகலாம், சுடப் பழகலாம். குனியாமல் இருக்க எப்படிப் பழகுவது? வழி கண்டுபிடித்தவள் வித்தியா. சமையலறைத் தரையில் சாமான்களைப் பரப்பினாள். கரண்டி, சீப்பு, அரிசி போட்ட சின்னப் பை, நடுவில் அவளுடைய பழைய தமிழ்ப் பாடப் புத்தகம்.

"ரிமோட்டை உருவுங்க. மிதிச்சிட்டு நில்லுங்க. குனிஞ்சா நான் விசிலடிப்பன்."

கரண்டியில் நின்றாள். சீப்பிலும் நின்றாள். அரிசிப் பையில் கால் பட்டதும் முதுகு வளைந்துவிட்டது. விசில். புத்தகத்தில் மிதிக்கச் சப்பாத்தே இறங்க மறுத்தது. மேல்வீட்டுக்காரி தரையைத் தட்டும்வரை வித்தியா விசிலடித்தாள்.

ஜெயமதி கதிரையில் இருந்துவிட்டாள். "ஏலா புள்ள. இது எனக்குள்ள எலும்பு மாதிரி. மிதிச்சிட்டுச் சும்மா நிக்கிற ஆளா நான் மாறினா, மறுகா நான் ஆர்?"

"மாறச் சொல்லல்லியே." வித்தியா புத்தகத்தைத் தட்டி எடுத்தாள். "நான் உங்களிட்ட ஒரு நாளும் உடன மன்னிப்புக் கேக்கிறல்லதானே? மூண்டு நாள் செண்டுதான் கேப்பன். அதுக்காக நான் கேக்காத ஆளா?"

ஜெயமதி அவளைப் பார்த்தாள். இந்தப் பிள்ளையின் வாயிலிருந்து உருப்படியாக ஒன்று வந்ததை இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை.

எழுந்து நின்று ரிமோட்டை உறையில் வைத்தாள். உருவினாள். புத்தகத்தின் மேல் கால் வைத்தாள். வாய்க்குள்ளே ஊர்ச் சொல் ஒன்றைச் சொன்னாள்: மறுகா. பிறகு. ரிமோட்டைக் கதவை நோக்கி நீட்டியபடி முழுச் சுற்றையும் முடித்தாள். உறையில் வைத்தாள். பட்டியைப் பூட்டினாள். அதற்குப் பிறகு காலை எடுத்து, குனிந்து, தொட்டு, கண்ணில் ஒற்றினாள். வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஒற்றினாள், பிந்தியதற்கும் சேர்த்து.

மறுசோதனை நாளில் முதல் பனி விழுந்தது. வித்தியா பிரெஞ்சு வகுப்புக்குப் போவதாகச் சொல்லி முன்னாலேயே வெளிக்கிட்டுவிட்டாள். அவளுக்கு இந்தச் சோதனை எல்லாம் பெரிய விசயமில்லை. ஜெயமதி தனியாக மெட்ரோவிலும் பஸ்ஸிலும் போனாள். மகசின்களில் பொட்டு இல்லை. அவளே துடைத்திருந்தாள்.

பொட்டு இல்லாவிட்டாலும் கால் மறக்கவில்லை. வெறும் மகசின் விழுந்தது, தரையில் துள்ளியது, வந்து சப்பாத்தடியில் நின்றது. தேடி வந்தது போல. மிதித்தபடி நின்றாள். முதுகு வளையப் பார்த்தது. மறுகா, என்றாள். இடப்பக்கத்தில் இன்று யாரும் இல்லை; ஆனால் அங்கே ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தட்டோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டாள். பிஸ்ரலின் வாய் குறியைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. சுற்று முடிந்தது. உறையில் வைத்தாள். "தளம் பாதுகாப்பு" என்று, சுடுவது முடிந்ததற்கு அடையாளமாக, கில்பேரின் குரல் வந்தது. அப்போதும் அவள் அசையவில்லை. அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்போது எடுக்கலாம், மதாம்."

குனிந்தாள். தொட்டாள். கண்ணில் ஒற்றினாள். நிமிர்ந்தபோது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதைக்காகப் பார்க்காமல் இருக்கிற ஆளின் முதுகு அது. பாஸ் என்று சொல்லிவிட்டு, சாமான்களைக் கட்டும்படி சொல்லிப் போனார்.

அவள் உள்ளே பட்டியைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில் கில்பேர் பின்கதவால் வெளியே வந்து, பனிக்குள் நின்று ஒரு சிகரெட் பத்தினார். பத்தி முடிப்பதற்கு முன்னால், தன் காலடியில் விழுந்த தொப்பியை எடுத்து, பனியைத் தட்டி, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் அதை நெற்றியில் ஒருமுறை தொட்டுவிட்டுப் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை ஜெயமதி வண்டியில் ஏறினாள். நீக்கிலாப்பிள்ளை செபமாலையை எடுத்தார். கடை வாசல், வங்கி வாசல், மறுபடி கடை வாசல். பிஸ்ரல் உறைக்குள்ளேயே இருந்தது, எப்போதும் போல.

இந்த இடம்வரைக்கும் தன் கையால் எழுதியதை வித்தியா ஒரு சனிக்கிழமை சமையலறை மேசையில் வைத்துவிட்டு, தனக்கு அதில் பெரிய அக்கறை இல்லாதவள் போலத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெயமதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் இருந்து வாசித்தாள். முதல் பந்தியில் தலையை ஆட்டினாள்.

"ஆறு பின்வாங்குமாம். வேலைக்குச் சேந்த நாள் தொட்டு ஒரு தடவையும் உருவல்ல புள்ள நான். உருவாம இருக்கத்தான் பழக்கிறாங்க. அதையும் எழுது."

"எழுதுறன்."

தம்பியின் இடத்தில் வெகுநேரம் நின்றாள். தாளைத் திருப்பினாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தவள், மறுபடி ஒரு பந்தி மேலே போனாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"வித்தியா."

"ம்."

"கில்பேர் வெளிய போய்ச் சிகரெட் பத்தினதும் தொப்பியை எடுத்ததும் எனக்கே தெரியா. நான் உள்ள பட்டி கழட்டிக்கொண்டு நிண்ட." தாளின் மேல் விரலை வைத்தாள், நேராக நீட்டி. "நீ அண்டைக்குப் பிரெஞ்சு வகுப்பிலதானே இருந்த நீ? மறுகா, இதை எங்க நிண்டு கண்ட நீ?"

தேநீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. வித்தியா திரும்பவில்லை.